இருட்டை வென்ற கண்ணைத் தின்னும் இருட்டு

வெளிச்சம் குறைந்த இடங்களைப் படமெடுப்பதற்கென்றே பிறந்த பழைய அகலக்கோண லென்ஸ்கள் கொச்சியின் ஈரக்காற்றில் மெல்ல அழிகின்றன. காப்பாற்றும் வழி எளிது. ஆனால் பத்திரப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு பலர் செய்வது நேர்மாறானது.

ஜூன் முதல் வாரத்தில் தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையைத் தொட்டதும், கொச்சி வீடுகளின் அலமாரிகளுக்குள் சத்தமில்லாமல் ஒரு வேலை தொடங்கிவிடுகிறது. செருப்புத் தோலில் வெண்மை படர்கிறது. மடித்து வைத்த வேட்டியில் கரும்புள்ளி விழுகிறது. புத்தக முதுகில் பூசணம் ஏறுகிறது. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும். துடைத்துவிடலாம், துவைத்துவிடலாம். ஆனால் அதே அலமாரியின் மேல்தட்டில் துணி சுற்றி, தோல் உறைக்குள் போட்டு, மூடி வைத்த பழைய கேமரா லென்ஸுக்குள் நடப்பது யாருக்கும் தெரிவதில்லை. ஒருநாள் யாராவது அதை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கும்போதுதான், கண்ணாடிக்குள் சிலந்தி வலை போல இழையிழையாக ஏதோ படர்ந்திருப்பது தெரியவரும். புகைப்படக்காரர்களின் பாஷையில் அதற்குப் பெயர் ‘ஃபங்கஸ்’.

எல்லா லென்ஸுக்கும் இந்த ஆபத்து உண்டு. ஆனால் இழப்பு பெரிதாக இருப்பது ஒரு குறிப்பிட்ட இனத்துக்கு. அதுதான் ‘வேகமான’ அகலக்கோண லென்ஸ். கையால் ஃபோகஸ் செய்ய வேண்டிய, கனத்த உலோக உடல் கொண்ட, 1960களிலும் 70களிலும் 80களிலும் தயாரான லென்ஸ்கள் இவை. 35 மி.மீ., 28 மி.மீ., 24 மி.மீ. என்று குவியத்தூரம், எஃப் 1.4 அல்லது எஃப் 2 என்று திறப்பு. ஃபிளாஷ் போட முடியாத, பின்னால் நகர இடமில்லாத, வெளிச்சமும் இல்லாத இடங்களில் படமெடுக்க இவற்றை விட்டால் அந்நாளில் வேறு கதி இல்லை.

மட்டாஞ்சேரியின் பழைய கிடங்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாக அடுக்கப்பட்டிருக்கும் நீண்ட கூடம். ஓட்டுக் கூரையில் எங்கோ ஒரு கண்ணாடி ஓடு. கோடி மூலையில் ஒரு பல்பு. சுக்கைப் புடைக்கும் பெண்களையும் சுற்றியுள்ள மூட்டைகளையும் ஒரே படத்தில் கொண்டுவர வேண்டுமானால் பார்வை அகலமாக இருக்க வேண்டும். ஏனென்றால் பின்னால் சுவர். அந்த வெளிச்சத்தில் 400 வேக ஃபிலிமைப் போட்டு, எஃப் 1.4 திறப்பில் முப்பதில் ஒரு விநாடி கொடுத்தால் படம் விழும் என்று வைத்துக்கொள்வோம். 35 மி.மீ. லென்ஸை ஸ்டாண்ட் இல்லாமல் கையில் பிடித்து எடுக்க அதுதான் ஏறக்குறைய எல்லை. எஃப் 4 திறப்பு கொண்ட சாதாரண லென்ஸுக்குள் வருவது அதில் எட்டில் ஒரு பங்கு வெளிச்சம். அப்போது கால் விநாடி தேவைப்படும். கால் விநாடியில் கை நடுங்கும், முறம் அசையும், முகம் கரைந்துவிடும். படம் கிடைப்பதற்கும் கிடைக்காமல் போவதற்கும் நடுவில் நின்றது அந்த எட்டு மடங்கு வெளிச்சம்தான்.

நிலவிளக்கின் ஒளியில் விடிய விடிய நடக்கும் கதகளிக்கும் இதே கணக்குதான். ஆட்டக்காரரின் முகத்தில் ஆடும் சுடரின் நிறத்தை ஃபிளாஷ் ஒரே வெட்டில் கொன்றுவிடும். விளக்கின் ஒளியை விளக்கின் ஒளியாகவே பதிவு செய்ய வேகமான லென்ஸ் வேண்டும்.

இதைச் செய்வது லேசாக இருக்கவில்லை. காரணம் கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி. எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு சாய்வு ஆடி மேலும் கீழும் ஆட வேண்டும். நிக்கான் கேமராவில் லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து ஃபிலிம் வரை 46.5 மி.மீ. இடைவெளி இருப்பது இதற்காகத்தான். ஆனால் 24 மி.மீ. குவியத்தூரம் கொண்ட எளிய லென்ஸ் ஃபிலிமிலிருந்து ஏறக்குறைய அவ்வளவு தூரத்தில்தான் உட்கார முடியும். அதாவது ஆடியின் பாதையில். இந்தச் சிக்கலுக்கு வழி காட்டியவர்களில் முக்கியமானவர் பிரான்சின் பியர் ஆன்ஜெனியூ. தொலைநோக்கி லென்ஸைத் தலைகீழாகத் திருப்பியதுபோல, முன்னால் ஒரு பெரிய குழிக்கண்ணாடியை வைத்துப் பிம்பத்தைப் பின்னால் தள்ளிவிட்டார். 1950இல் வந்த அந்த 35 மி.மீ. லென்ஸின் திறப்பு எஃப் 2.5.

அதிலிருந்து எஃப் 1.4க்கு வர எஸ்.எல்.ஆர். கேமராக்களுக்கு இருபது ஆண்டுகள் பிடித்தன. ஆடி இல்லாத ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கு 1961லேயே லைக்கா நிறுவனம் 35 மி.மீ. எஃப் 1.4 ‘சம்மிலக்ஸ்’ லென்ஸைக் கொண்டுவந்துவிட்டது. நிக்கானின் 35 மி.மீ. எஃப் 1.4 வந்தது 1971இல். ஒன்பது கண்ணாடிகள், ஒவ்வொன்றிலும் ஒளி சிதறாமலிருக்கப் பல அடுக்குப் பூச்சு. 1975இல் கேனன் நிறுவனம் 24 மி.மீ. குவியத்தூரத்திலேயே எஃப் 1.4ஐ எட்டியது. அதற்கு, கோளவடிவத்திலிருந்து விலகிய வளைவு கொண்ட கண்ணாடியைத் தனியாகத் தேய்க்க வேண்டியிருந்தது.

இந்த லென்ஸ்கள் குறையற்றவை அல்ல. முழுத் திறப்பில் படத்தின் ஓரங்கள் மிருதுவாகிவிடும். மூலையில் இருக்கும் தெருவிளக்கு புள்ளியாக விழாமல் சிறகு விரித்த பறவைபோல் விழும். விளக்கைச் சுற்றி லேசான ஒளிமூட்டம் பரவும். இன்றைய லென்ஸோடு ஒப்பிட்டால் இதெல்லாம் குறைதான். ஆனால் இரண்டு படி மூடி எஃப் 2.8க்கு வந்துவிட்டால் அதே லென்ஸ் நறுக்கென்று வேறு ஆளாகிவிடும். ஒரே பொருளில் இரண்டு குணம் இருப்பதே பலரை இதனிடம் கட்டிப்போட்டது.

இவை இந்தியாவுக்குள் வந்த விதமும் எளிதல்ல. 1991இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை இறக்குமதிக் கட்டுப்பாடும் கடுமையான சுங்க வரியும் இருந்தன. பெரிய பத்திரிகை அலுவலகங்கள் உரிமம் வாங்கித் தருவித்தன. மற்றவர்களுக்கு வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஊர் திரும்பும் உறவினரின் பெட்டிதான் வழி. உள்நாட்டில் உதகமண்டலத்தில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தயாரித்தது. கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் இயங்கிய நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் ‘நேஷனல் 35’ என்ற கேமராவைக் கொண்டுவந்தது. ஆனால் எஃப் 1.4 அகலக்கோண லென்ஸ் என்பது எப்போதும் வெளிநாட்டுப் பொருளாகவே இருந்தது.

இதில் உள்ள வேடிக்கையை களமசேரியில் நின்று பார்த்தால்தான் முழுமையாகப் புரியும். கொச்சியின் வடக்கு விளிம்பில் இருக்கும் இந்த ஊரில் கடைசல் எந்திரங்கள் செய்யும் எச்.எம்.டி. தொழிற்சாலை இருக்கிறது. ஒளியியலையும் லேசரையும் பாடமாக நடத்தும் ஃபோட்டானிக்ஸ் பள்ளி, 1971இல் தொடங்கிய கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பக்கத்து ஊரான ஏலூரில், உத்யோகமண்டல் தொழிற்பேட்டையில், 1952 முதல் மோனசைட் மணலைப் பிரித்து வந்தது மத்திய அரசின் இந்தியன் ரேர் எர்த்ஸ் ஆலை. கேரளத்தின் சவறா கரையிலும் கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கரையிலும் கிடைக்கும் மணல் அது. அதிலிருந்து கிடைப்பவை தோரியமும் லாந்தனம் போன்ற அருமண் தனிமங்களும்.

அந்த நாளைய லென்ஸ் வடிவமைப்பாளர்கள் தேடி அலைந்ததும் இவற்றைத்தான். தோரியம் அல்லது லாந்தனம் கலந்த கண்ணாடி, நிறங்களை அதிகம் பிரிக்காமல் ஒளியை நன்றாக வளைக்கும். வளைவு குறைந்த கண்ணாடியாலேயே பெரிய திறப்பைச் சமாளிக்கலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து 1970கள் வரை பல நிறுவனங்கள் தோரியக் கண்ணாடியைப் பயன்படுத்தின. நிக்கானின் 35 மி.மீ. எஃப் 1.4 லென்ஸின் ஆரம்பகாலப் பிரதிகளும் அதில் சேரும். தோரியம் கதிரியக்கம் உள்ளது என்பதால் பிறகு கைவிட்டுவிட்டார்கள். கேமராவில் மாட்டிப் படமெடுப்பதால் பயப்படும்படியான அபாயம் இல்லை. கண்ணாடியைத் தேய்ப்பதும் உடைத்துப் பொடியாக்குவதும்தான் கூடாது.

மணவாளக்குறிச்சி மணலின் மவுசு தொடங்கியதும் வெளிச்சத்தை வைத்துத்தான். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இந்தக் கரையில் மோனசைட்டைக் கண்டுபிடித்தபோது உலகத்துக்குத் தோரியம் தேவைப்பட்டது காஸ் விளக்கின் மேன்டிலுக்காக. கல்யாண ஊர்வலத்தில் தலைமேல் தூக்கிச் சென்ற பெட்ரோமாக்ஸ் வெள்ளையாக எரிந்ததும் தோரிய ஆக்சைடின் தயவில்தான். இரவை வெளிச்சமாக்கிய அதே தனிமம், பிறகு இரவை இரவாகவே பார்க்கும் கண்ணாடிக்குள் போனது.

தோரியக் கண்ணாடிக்கு ஒரு வியாதி உண்டு. தன் கதிர்வீச்சாலேயே பல ஆண்டுகளில் அது பழுப்பேறும். தேநீர்க் கறைபோல் மஞ்சள் கூடிக்கொண்டே போய் வெளிச்சத்தையும் கொஞ்சம் விழுங்கும். மருந்து எளிது. புற ஊதாக் கதிர் பட்டால் நிறம் தெளியும். சில நாட்களோ சில வாரங்களோ வெயிலில் காட்டினால் போதும். எரியக்கூடிய எதன்மீதும் குவியாதபடி வைப்பது மட்டும் முக்கியம். வெயிலில் வைத்த வேகமான லென்ஸ் நல்ல பூதக்கண்ணாடியும்கூட. அலமாரியில் பூட்டி வைத்த லென்ஸ் மட்டும் பழுத்துக்கொண்டே போகும்.

ஃபங்கஸின் கதையும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் நியூ கினியாவின் காடுகளுக்குப் போன நேச நாட்டுப் படைகளின் தொலைநோக்கிகளும் பீரங்கிக் குறிகாட்டிகளும் சில வாரங்களிலேயே மங்கின. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் அறிஞர்கள் இந்தப் பூசணத்தை ஆராய உட்கார்ந்தது அப்போதுதான். ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் பூசணம் வளரத் தோதான சூழலைப் பட்டியலிட்டிருக்கிறது. மூன்று நாளுக்கு மேல் 70 சதவீதத்தைத் தாண்டும் ஈரப்பதம், 10 முதல் 35 டிகிரி வெப்பம், இருட்டு, காற்றோட்டமின்மை, தின்பதற்குத் துணி இழை, எண்ணெய்ப்பசை, தூசி.

இந்தப் பட்டியலைக் கொச்சியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை. பருவமழை மாதங்களில் வாரக்கணக்கில் இறங்காத ஈரப்பதம். வருடம் முழுவதும் அந்த வெப்ப எல்லைக்குள்ளேயே தட்பவெப்பம். மீதி இருப்பவை இருட்டு, காற்றில்லாமை, உணவு. அவற்றைக் கொடுப்பது தோல் உறை. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தானே பூசணத்துக்கு உணவும் ஆகும். லென்ஸோடு கம்பெனி கொடுத்த அழகான உறைதான் அதன் முதல் எதிரி.

கேரளத்துப் புகைப்படக்காரர்களுக்கு மழை எதிரி மட்டுமல்ல, விஷயமும்கூட. மழையைப் படமெடுத்தே பெயர் பெற்றவர் மலையாள மனோரமாவின் விக்டர் ஜார்ஜ். 2001 ஜூலை 9 அன்று இடுக்கி மாவட்டத்தில் நிலச்சரிவைப் படமெடுக்கப் போன இடத்தில் அவர் மண்ணுக்குள் புதைந்து இறந்தார். மேகம் மூடிய பகலின் மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்வதுதான் இங்கே வழக்கம். லென்ஸ் எதற்காகத் தேவையோ, அதே மழைதான் லென்ஸைத் தின்கிறது.

2018 ஆகஸ்டில் இது உச்சத்தைத் தொட்டது. பெரியாறு கரைபுரண்டு ஆலுவா, ஏலூர், களமசேரிப் பகுதிகளின் வீடுகளுக்குள் புகுந்தது. ஆகஸ்ட் 15 அன்று மூடிய கொச்சி விமான நிலையம் 29ஆம் தேதிதான் மீண்டும் திறந்தது. சேற்றுநீரில் மூழ்கிய லென்ஸைப் பிரித்துக் கழுவினாலொழிய மீட்க முடியாது. தண்ணீர் தொடாத மேல்தட்டில் இருந்தவையும் தப்பவில்லை. பூட்டிக் கிடந்த ஈர வீட்டின் காற்றே போதுமானதாக இருந்தது.

பூசணம் கண்ணாடியின் மேல் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. அது சுரக்கும் அமிலம் முதலில் பூச்சை அரிக்கும், பிறகு கண்ணாடியை. ஆரம்பத்தில் பிரித்துத் துடைத்தால் போய்விடும். விட்டுவிட்டால் துடைத்த பிறகும் இழையின் தடம் செதுக்கியதுபோல் நிற்கும். அதற்கு மருந்து இல்லை. முன்கண்ணாடியில் ஓரிரு இழை இருந்தால் படத்தில் தெரியாமல்கூடப் போகலாம். பின்கண்ணாடியில் இருந்தால் மன்னிப்பில்லை. வேகமான லென்ஸில் விளைவு இன்னும் மோசம். முழுத் திறப்பில் கண்ணாடியின் முழுப் பரப்பும் வேலை செய்வதால், படர்ந்த பூசணம் முழுவதும் ஒளியைச் சிதறடிக்கும். இருட்டில் ஒற்றை விளக்கைப் படமெடுக்கப் பிறந்த லென்ஸ், அந்த விளக்கைச் சுற்றியே வெள்ளைத் திரை போட்டுக்கொள்ளும்.

பழுது பார்ப்பது பொறுமையான கைவேலை. வளையங்களைக் கழற்றத் தனிச் சாவி வேண்டும். எந்தக் கண்ணாடி எந்தப் பக்கம் பார்த்து, எந்த வரிசையில் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இவற்றில் பலவற்றில் கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது உள்ளே ஒரு தொகுதி தனியாக நகரும். அதைத் திரும்ப வைக்கும்போது மயிரிழை பிசகினாலும் ஓரம் கலங்கிவிடும். ஒட்டிய இரு கண்ணாடிகளுக்கு நடுவே பூசணம் புகுந்துவிட்டால் பெரும்பாலும் கைவிட வேண்டியதுதான். உதிரிபாகத் தயாரிப்பு என்றோ நின்றுவிட்டது. ஒரு லென்ஸின் பாகத்துக்கு இன்னொரு செத்த லென்ஸ்தான் கதி.

இத்தனைக்கும் பிறகு இவற்றுக்கு ஏன் மதிப்பு என்று கேட்கலாம். செல்போனே இரவில் படமெடுக்கிறதே? எடுக்கிறது. பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக அடுக்கித்தான் வெளிச்சத்தைச் சேர்க்கிறது. அசையாத கட்டடத்துக்கு அது அருமை. முறம் புடைக்கும் கைக்கு அவ்வளவு பொருந்தாது. பழைய லென்ஸ்களுக்கு மறுவாழ்வு கொடுத்ததும் புதிய தொழில்நுட்பமே. 2008இல் பானசோனிக் ஜி1 வந்து ஆடியில்லா கேமராக்களின் காலத்தைத் தொடங்கிவைத்தது. 2013இல் ஃபிலிம் அளவிலேயே சென்சார் கொண்ட சோனி ஏ7 வந்தது. சோனியில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடைவெளி 18 மி.மீ.தான். நிக்கான் லென்ஸுக்குத் தேவையான 46.5 மி.மீ.க்கு மீதம் 28.5 மி.மீ. அந்த அளவுக்கு ஒரு வெற்று உலோக வளையத்தைச் செருகினால் போதும், 1971இன் லென்ஸ் இன்றைய கேமராவில் வேலை செய்யும். ஃபோகஸ் மட்டும் கையால்தான்.

எனவே வாங்குபவர்கள் இருக்கிறார்கள். வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை எளிது. திறப்பை முழுதாக விரித்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து, முன்னாலிருந்து சற்றுச் சாய்வாகப் பார்க்க வேண்டும். நாலு தூசி இருந்தால் கவலை வேண்டாம். இழையோ மூட்டமோ தெரிந்தால் யோசிக்க வேண்டும். திறப்பின் தகடுகளில் எண்ணெய் மினுங்கக் கூடாது. ஃபோகஸ் வளையம் நெய்யில் சுற்றுவதுபோல் சுற்ற வேண்டும். முகர்ந்தும் பார்க்கலாம். மக்கிய வாடை பொய் சொல்லாது.

வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியதும் பெரிதல்ல. தோல் உறையைக் கழற்றித் தூர வைக்க வேண்டும். ரப்பர் வளையம் போட்ட பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல், முடிந்தால் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். நிறம் மாறும் வகை ஜெல்லாக இருந்தால், மாறியதும் சூடாக்கித் திரும்பப் போட வேண்டும். 60 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் நல்லது. 30க்கும் கீழே போக வேண்டாம், மசகு உலர்ந்துவிடும். அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பது நம் வீடுகளில் பழைய பழக்கம். மாவுத்தூள் உள்ளே போய்ப் பூசணத்துக்கு விருந்தாகும் என்பதுதான் அதன் பலன். ஃபங்கஸ் பிடித்த லென்ஸை நோயாளிபோல் தனியே ஒதுக்கலாம். ஆனால் வித்து எல்லாக் காற்றிலும் இருக்கிறது. முளைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது ஈரம்தான்.

இவை எல்லாவற்றையும்விட நல்ல மருந்து பயன்பாடு. தினமும் வெளியே போய் வெயிலும் காற்றும் படும் லென்ஸில் பூசணம் தங்குவது அபூர்வம். பீரோவில் கிடக்கும் பட்டுப்புடவையை அவ்வப்போது பிரித்து நிழலில் காற்றாட விடும் வீட்டுப் பெண்களுக்கு இது புதிய பாடமல்ல. ஆனால் புகைப்படக்காரர் ஓய்வு பெற்ற பிறகோ காலமான பிறகோ வீட்டார் லென்ஸை அப்படி நடத்துவதில்லை. அப்பாவின் பொருள், விலை உயர்ந்த பொருள் என்ற மரியாதையில் பூட்டி வைக்கிறார்கள். பத்து மழைக்காலம் கழித்து விற்கவோ பேரனுக்குக் கொடுக்கவோ எடுக்கும்போது, மரியாதையே அதைத் தின்று முடித்திருக்கும்.

இனி இந்த வகைப் பழைய லென்ஸ்கள் புதிதாகப் பிறக்கப்போவதில்லை. இருப்பவற்றில் ஒவ்வொரு பருவமழையும் சிலவற்றைக் கழித்துக்கொண்டே போகிறது. நல்லவேளையாக நம் நாட்காட்டியிலேயே ஒரு நினைவூட்டல் உண்டு. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த கையோடு வருகிறது ஆயுத பூஜை. ஸ்டூடியோக்காரர்கள் கேமராவையும் லென்ஸையும் துடைத்து, பொட்டு வைத்து, பூ வைத்துக் கும்பிடும் நாள். கேரளத்தில் பூஜைக்கு வைத்த கருவியை விஜயதசமி காலையில் எடுத்துத் தொழிலைத் தொடங்கியாக வேண்டும். கும்பிட்டதோடு திரும்ப உறைக்குள் போடாமல், அன்று அந்த லென்ஸில் ஒரு படமாவது எடுக்கலாம்.